மூன்று கதவுகளை அடைக்கும் கோப்பு

1. பதிவாளர் அறை

பதிவாளர் என்னை அழைத்தபோது அவர் மேசையில் தேர்வுப் பிரிவின் கடிதம் இருந்தது. விடைத்தாள் கட்டுகளை வைக்க இடமில்லை. பல்கலைக்கழக வளாகத்திலுள்ள அனைத்துச் சமய வழிபாட்டுக் கூடத்தைக் கேட்டிருந்தார்கள்.

“யாருய்யா அங்க சாமி கும்புடுறா? நாலு பேருக்கு அம்புட்டுப் பெரிய ஹாலா? வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணிச் சாவியக் குடுத்திருங்க சூப்பிரண்டு.”

நான் அப்போது எஸ்டேட் செக்‌ஷன் சூப்பிரண்டு. வளாகக் கட்டடங்களின் சாவியும் கோப்பும் என் பொறுப்பு. “சரிங்க சார்” என்றேன். என் பணிக்காலத்தில் எந்த அதிகாரியிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. அதைச் சொல்வதற்குத்தான் கோப்புகள் இருக்கின்றன.

செய்தி எனக்கு முன்பே மாடியிறங்கிவிட்டது. வராந்தாவில் பாண்டியம்மா துடைப்பத்தோடு நின்றார். துப்புரவுப் பணியாளர், செவ்வாய்தோறும் அந்தக் கூடத்தில் விளக்கேற்றுபவர்.

“என்ன சார், கூடத்தப் பூட்டப் போறீகளாம்ல?”

“மேலிடத்து உத்தரவும்மா. உங்க ஊர்லதான் கோயில் இருக்கே.”

“இருக்கு. எந்தத் தெருன்னு கேட்டுட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுவாக. இங்க இம்புட்டு வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. வெள்ளிக்கிழம தொழுக வாரவுக கூட, ‘அக்கா, பெருக்கியாச்சா, வரலாமா’ன்னுதேன் கேப்பாக.” துடைப்பத்தைத் தரையில் தட்டிக்கொண்டார். “எனக்கு லீவு கெடையாதுங்கறதுக்கு மட்டும் டக்குன்னு ரூல் சொல்லுவீகளே சார். இதுக்கு ஒரு ரூலும் இல்லையாக்கும்?”

என் தொழிலைக் குறைவாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

2. பழைய கோப்பு

ரெக்கார்டு ரூமில் கூடத்தின் கட்டுமானக் கோப்பு கிடைத்தது. அதைக் கட்டிய குழுவில் ஒருவர் வாசல் கிழக்கே இருக்க வேண்டும் என்றிருக்கிறார். பீடம் கிழக்கே வர வேண்டும், ஆகவே வாசல் மேற்கே என்றிருக்கிறார் அடுத்தவர். தொழுபவர்களுக்கு முன்னால் ஆள் நடக்கக் கூடாது, தொழுகை நேரத்தில் மேற்குக் கதவு மூடியிருக்க வேண்டும் என்றிருக்கிறார் மூன்றாமவர். கடவுள் மறுப்பாளரான ஒரு பேராசிரியர், யாரும் விரும்பாத தெற்கில் கட்டாயம் ஒரு வாசல் வேண்டும் என்று தனிக் குறிப்பே எழுதியிருந்தார். பொறியாளர் மூன்றையும் வைத்துவிட்டு, பின்னால் யாராவது கேட்டால் இருக்கட்டும் என்று வடக்கிலும் ஒன்று வைத்தார். பணியாளர் குடியிருப்பு வடக்கே வந்ததும் பாண்டியம்மா வகையறாவுக்கு அதுவே வழியானது.

ஆக நான்கு கதவுகள். விடைத்தாள் அறைக்கு ஒரே கதவுதான் இருக்க வேண்டும் என்பது தேர்வுப் பிரிவின் சொந்த விதி.

3. கேள்வி

அன்று மாலையே நோட் ஷீட் எழுதினேன். கூடத்தை ஒப்படைக்க எஸ்டேட் பிரிவு தயார். விதிப்படி மூன்று கதவுகளைச் சுவர் வைத்து அடைக்க வேண்டும். எந்த மூன்று என்பதற்கு ஆணை வேண்டப்படுகிறது. பழைய குழுவின் குறிப்புகள் பக்கம் பக்கமாக இணைக்கப்பட்டுள்ளன.

பதிவாளர் படித்தார். “எதையாவது அடைக்க வேண்டியதுதானய்யா!”

“அதையே ஒரு வரி எழுதிக் குடுங்க சார். கெழக்கா, மேக்கா, தெக்கா, வடக்கா? கையெழுத்து விழுந்ததும் கொத்தனார் வந்துருவாரு.”

பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடினார். “வி.சி. பாக்கட்டும்.”

துணைவேந்தர் ‘பேசவும்’ என்று எழுதினார். யாரோடு என்று எழுதவில்லை. பொறியாளர், இது கட்டுமானம் சார்ந்த முடிவல்ல என்றார். சட்ட ஆலோசகர், நிர்வாகமே முடிவெடுக்கலாம் என்றார். வெள்ளிக்கிழமை வந்தது, கூடத்தில் வழக்கம்போலத் தொழுகை நடந்தது. இன்னும் இரண்டு வெள்ளி போனது. காத்திருந்து அலுத்த தேர்வுப் பிரிவு, விருந்தினர் விடுதியில் சும்மா கிடந்த அறையைப் பிடித்துக்கொண்டது. கோப்பு என்னிடம் திரும்பியபோது அதில் ஒரே வரி: ‘தற்போதைய நிலையே தொடரலாம்.’ கீழே பதிவாளரின் கையெழுத்து, பச்சை மையில்.

இப்போது வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தவறான உத்தரவை எதிர்த்துக் கத்தாதீர்கள். அதை முழுமையாக நிறைவேற்ற முன்வந்து, விடுபட்ட விவரத்தை எழுத்தில் கேளுங்கள். பெயரைப் போட்டுக் கையெழுத்திட வேண்டிய இடத்தில்தான் மனிதர்களுக்கு யோசனை வருகிறது.

கோப்பு திரும்பிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை கூடத்துக்குப் போனேன். மலைப்பக்கமிருந்து நல்ல காற்று. பாண்டியம்மா ஏற்றிய விளக்கு இரண்டு முறை அணைந்தது. “இப்ப ஒரு ரூல் சொல்லுங்க பாப்போம்” என்று சிரித்தபடி எழுந்துபோய் மூன்று கதவுகளைச் சாத்திவிட்டு வந்தார்.

எந்த மூன்று என்று நான் பார்க்கவில்லை.