உதறாத குட்டி

அன்று காலை கொட்டகையில் இருந்தவர்கள்: எங்கள் விரிவுரையாளர் ஃபியோனா, ஊசி போட வந்த கால்நடை மருத்துவர் ஆலன், என்னோடு படிக்கும் ஆறு பேர், காதில் மஞ்சள் வில்லை மாட்டிய செம்மறிக் குட்டிகள், நான். வராதவர்கள் யாருமில்லை என்றார் ஃபியோனா. என் கணக்கு வேறு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஆடு வளர்த்த என் அப்பா அங்கே இல்லை. முனீஸ்வரன் இல்லை. மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு இல்லை.

ஸ்காட்லாந்தில் கால்நடை அறிவியல் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இங்கே ஆட்டுக் கொட்டகைக்கு முன்னால் ஒரு தொட்டியில் மருந்துத் தண்ணீர் இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்ததும், கோயில் வாசலில் கால் நனைத்துப் போகிற பழக்கத்தில், பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலை விட்டேன். எரிந்தது. முக்க வேண்டியது பூட்ஸை என்று பிறகு சொன்னார்கள். ரமணாசிரமம் பக்கத்து விடுதி ஒன்றில் அம்மா பெட்ஷீட் துவைக்கிறாள். அங்கே தங்கும் வெள்ளைக்காரர்கள் சுடுகிற தார்ச்சாலையில் வெறுங்காலோடு மலை சுற்றுவதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பு எனக்குத் திரும்பி வந்தது.

என்னை அதிர வைத்தது இவர்களின் கருணை. குட்டிகள் பயப்படக்கூடாது என்று கொட்டகையில் மெல்லிய குரலில் ரேடியோ பாடும். காது எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பார்த்து வலிக்கு மதிப்பெண் போடக் கற்றுக்கொடுத்தார்கள். "இங்க ஆட்ட அதட்டக்கூட மாட்டாங்கப்பா" என்று போனில் சொன்னேன். "அதட்டாம ஆடு எப்பிடிடா வீடு வந்து சேரும்?" என்றார் அப்பா.

ஆளுக்கொரு குட்டி. புதுத் தீவனம் கொடுத்து வளர்க்க வேண்டும். பருவ முடிவில் இரைப்பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஆராய வேண்டும். அந்தத் துண்டு உயிரோடு இருக்கும் குட்டியிடமிருந்து வராது என்பது எனக்கும் தெரியும். ஆடு வெட்டுவதைப் பார்க்காதவன் இல்லை நான். ஆனாலும் அந்தக் காலையில், ரேடியோ பாடிக்கொண்டிருக்க, என் தோழர்கள் ஒவ்வொருவராகக் குட்டியை அணைத்துப் பிடிக்க, ஆலன் கழுத்தைத் தடவி ஊசி போட, அது தூங்குவதுபோலச் சரிய, யாருமே எதையுமே கேட்காமல் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது எனக்குப் புதிது.

என் முறை வந்தது. குட்டி என் மடியில் சாய்ந்துகொண்டது. "தயாரா?" என்றார் ஆலன். கேட்டது என்னை. நான் என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குட்டியின் முதுகில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

எங்கள் ஊரில் சாமிக்கு ஆடு வெட்டும் முன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பை உதறினால் சம்மதம். உதறாவிட்டால் அரிவாளைக் கீழே வைத்துவிட வேண்டும். நான் பிளஸ் டூ தேறியதற்காக அப்பா முனீஸ்வரனுக்கு ஒரு கடா நேர்ந்திருந்தார். சொந்தமெல்லாம் வந்து, மசாலாவும் அரைத்தாயிற்று. மூன்று சொம்பு ஊற்றியும் கடா கல்லாக நின்றது.

"காதுல ஊத்துண்ணா, தானா உதறும்" என்றார் ஏழுமலைச் சித்தப்பா.

"அது ஏமாத்துறதுடா. கேட்டாச்சு, வேணான்னு சொல்லிடுச்சு. அவ்ளோதான்."

"கறிக்கொழம்புனு கூப்ட்டு சாம்பார் ஊத்துற மொத ஆளு நீதான்ணா. ஜாஸ்தி பேருக்குச் சொல்லிட்டோம், மானம் போவுது."

அப்பா கடாவை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதன்பின் அது ஊருக்கே பொதுவானது. டீக்கடை வாழைப்பழத் தோல் முழுக்க அதற்குத்தான். யாரும் கல்லெறிந்ததில்லை.

என் மடியில் இருந்த குட்டி உதறவில்லை. ஃபியோனா குனிந்து, "தாகமாக இருக்கிறது என்று நினைக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வருமுன் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குட்டி நிதானமாகக் குடித்தது. "இப்போது சரியா?" என்றார். "அது இன்னும் சொல்லவில்லை" என்றேன். "யார்?" என்றார். நான் குட்டியைக் காட்டினேன். அவர் முகத்தில் கோபமில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார்.

என்னை வெளியே அழைத்துப்போய் உட்கார வைத்தார். விருப்பமில்லாதவர்கள் பருவத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம், வேறு பயிற்சி கொடுத்திருப்பேன், மதிப்பெண் குறையாது என்றார். இங்கே மாணவனின் சம்மதம் கேட்கிறார்கள். எங்கள் ஊரில் ஆட்டின் சம்மதம் கேட்கிறோம். இரண்டு இடத்திலும் கேட்டுவிட்ட நிம்மதியோடுதான் வெட்டுகிறோம். அதற்குள் உள்ளே என் குட்டிக்கும் ஆலன் ஊசி போட்டிருந்தார். உரிய நேரத்தில் துண்டை எடுக்காததால் என் பருவத்து உழைப்பு செல்லாமல் போனது. அந்தப் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும், கட்டணம் தனி. கட்டாவிட்டால் பட்டம் இல்லை.

பிறகுதான் யோசித்தேன். செம்மறிக் கம்பளியின் எண்ணெய்ப் பசையில் என் தண்ணீர் தோலைத் தொட்டே இருக்காது. வருஷம் முழுக்க மழை பெய்கிற இந்த நாட்டின் ஆடு ஒரு பாட்டில் தண்ணீருக்கா உதறும்? அது வேண்டாம் என்று சொன்னதா, ஒன்றுமே சொல்லவில்லையா, தெரியாது.

நடந்ததை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். "உதறலன்னா வுட்டுட வேண்டிதான். நீ செஞ்சது சரி" என்றார். அடுத்த வாரமே பணம் வந்தது. மற்ற ஆடுகளை எல்லாம் நான் விமானம் ஏறும்போதே விற்றிருந்தார். இப்போது எதை விற்றார் என்று யோசித்தால் ஒரே ஒரு பதில்தான் மிச்சம்.

"கடாவயா வித்த?"

"சந்தைல கறிக்காரன் நல்ல வெல குடுத்தான்."

"தண்ணி ஊத்திக் கேட்டியாப்பா?"

"கேக்கல."

"ஏம்பா?"

"கேட்டா மறுபடியும் வேணான்னு சொல்லிடும். உனுக்கு ஃபீஸ் கட்டணுமே."

ஆட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை எங்கள் பக்கம். அது வீட்டு மூங்கில் தூணில் மாட்டியிருக்கிறதாம். என் மேசை மேல், கொட்டகையைக் கழுவும்போது எடுத்துவந்த மஞ்சள் காது வில்லை இருக்கிறது. அந்தக் கயிற்றுக்கும் இந்த வில்லைக்கும் நடுவில் எங்கோதான் நான் இப்போது இருக்கிறேன். மறு பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறது; எனக்கென்று புதுக் குட்டி ஒதுக்கியாயிற்று. பருவத் தொடக்கத்தில் சொன்னால் போதும் என்கிறார் ஃபியோனா. என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

கடா போன விலை பதினேழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.