அண்ணாவே ஆடட்டும் சார்

ஈர மண்ணில் பந்து விழும் சத்தம் ஒரு மாதிரி, காய்ந்த மண்ணில் விழும் சத்தம் வேறு மாதிரி. விழுப்புரத்தில் எங்கள் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் தண்ணீர் தெளித்துப் புழுதி அடங்கிய பிறகு கூடைப்பந்தைத் தட்டினால், நிறைந்த நெல் மூட்டையை உள்ளங்கையால் அறைவதுபோல் "தொம் தொம்" என்று அடக்கமாகக் கேட்கும். அந்தச் சத்தம் விடுதி ஜன்னல் வழியாக வந்தால், கையில் எந்தப் புத்தகம் இருந்தாலும் என் கால் தானாக எழுந்து நடக்கத் தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் விளைகிற கொஞ்சம் நிலம் எங்களுக்கு உண்டு. என்னை விடுதியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது அப்பா, வாசலில் நின்று, படித்தவர்கள் நடுவில் எப்படி இருக்கவேண்டும் என்று தனக்குத் தெரிந்த அத்தனையையும் சொல்லிவிட்டுப் போனார்: "பெரியவங்க முன்னாடி முந்திக்கினு நிக்காத. கூப்டாங்கன்னா போ. கூப்டலன்னா கம்முனு இரு." அம்மா கொடுத்தனுப்பும் வறுத்த மல்லாட்டையை நான் எல்லோருக்கும் பங்கு போட்டதால், மைதானத்தில் எனக்குப் பெயரே "மல்லாட்டை" என்று ஆகிவிட்டது.

எங்கள் அணியின் உயிர் சேகர் அண்ணா. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், ஒல்லி, கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தட்டிக்கொண்டே மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகக்கூடியவர். மார்க் மட்டும் வராது. அவர் அப்பா தண்டவாள வேலை பார்த்தவர். பிளஸ் டூவுக்குமேல் படிக்க வைக்க முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார். நன்றாக ஆடுகிற பையன்களுக்குச் சம்பளம் வாங்காமல் இடம் தரும் கல்லூரி ஒன்று இருந்தது. தை மாதம் திண்டிவனத்தில் நடக்கிற பள்ளிகள் போட்டிக்கு அந்தக் கல்லூரியிலிருந்து ஒருவர் ஆள் பார்க்க வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. சேகர் அண்ணா அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அவரிடம் ஒரே குறை, கை சும்மா இருக்காது. எதிராளி பந்தோடு கடந்து போனால் எட்டித் தட்டிவிடுவார், நடுவர் விசில் ஊதிவிடுவார். கூடைப்பந்தில் ஒருவருக்கு ஐந்து தவறு, அதாவது "ஃபவுல்", ஆகிவிட்டால் அத்தோடு அவர் வெளியே போகவேண்டும், திரும்ப இறங்க முடியாது. ஆகவே நாலு ஆனதும் ஆளை உட்காரவைத்து, கடைசி நேரத்துக்கு மிச்சம் பிடித்து வைப்பார்கள். அப்படி உட்காரவைத்தால் அந்த இடத்தில் இறங்க இன்னொருவன் வேண்டும். எங்களிடம் அந்த இன்னொருவன் இல்லை.

"சேகர் உக்காந்தா யார்ரா பாலைத் தட்டிக் கொண்டாருவான்?" என்று பி.டி. சார் ஒருநாள் கேட்டபோது, சேகர் அண்ணா என்னைக் காட்டினார்.

"மல்லாட்டையா? அவனுக்கு லெஃப்ட் கை சோறு பெசையக்கூட ஒதவாதேடா."

"ஒரு மாசம் குடுங்க சார்."

அந்த ஒரு மாதம் மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் நானும் அவரும் மைதானத்தில் நிற்போம். வலது கையால் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இடது கையால் மட்டும் தட்டவைப்பார். நான் குனிந்து பந்தைப் பார்த்தால் தலையில் ஒரு குட்டு விழும். "பாலைப் பாக்காதடா, என் மூஞ்சியப் பாரு. பால் எங்கயும் ஓடிப்போயிடாது." அவர் சாப்பாடு எத்தனை நாள் ஆறிப்போனது என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

ஆனாலும் சாருக்குச் சந்தேகம் தீரவில்லை. பெரிய பையன்களில் ஒருவர், "பிராக்டிஸ்ல நல்லாத்தான் ஆடறான் சார், மேட்ச்ல பேஜாரு பண்ணிடுவான்" என்றார். சேகர் அண்ணா கோபப்பட்டார். "அவன் ரெடி சார். நான் சொல்றேன் இல்ல?" சார் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என் பெயரையும் சேர்த்தார்.

திண்டிவனத்தில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். அந்த ஊர் மைதானம் கட்டாந்தரை. பந்து "டங் டங்" என்று கல்லில் விழுவதுபோல் சத்தம் போட்டது. எனக்கு அதுவே பயமாக இருந்தது. கல்லூரிக்காரர் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சேகர் அண்ணாவுக்கு நாலாவது ஃபவுல் விழுந்தது. மேசையிலிருந்தவர் "4" என்று எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் முன்னால்தான் இருந்தோம். சார் பெஞ்சில் என்னிடம் குனிந்து கேட்டார்:

"கொஞ்ச நேரம் எறங்குறியாடா? ரெடியா?"

என் கையில் பந்து இருக்கும்போது ஆட்டம் தோற்றால், ஊரே என்னைக் காட்டிச் சொல்லும் என்று மட்டும்தான் தோன்றியது. எழுந்து நிற்கக்கூட இல்லை. என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"அண்ணாவே ஆடட்டும் சார்."

சொன்ன விதம் அப்படி. குரல் தழைந்து, பணிவாக, பெரியவருடைய இடத்தில் நான் எப்படி நிற்பது என்பதுபோல் வந்துவிட்டது. எங்களோடு வந்திருந்த தமிழ் ஐயா உருகிப்போனார். "பாருங்க சார், நாம எறக்கறோம்னாலும் வேணாங்கறான். சீனியருக்குக் குடுக்கற மரியாதையப் பாருங்க." சார் என் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். முந்திக்கொண்டு நிற்காதே என்று அப்பா சொன்னதை எடுத்துக்கொண்டு, கூப்பிட்டால் போ என்று சொன்னதை நான் விட்டுவிட்டேன் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

சேகர் அண்ணா தொடர்ந்து ஆடினார். ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருக்கும்போதே அவர் கை நீண்டது, விசில் ஊதியது, மேசையில் "5" எழுந்தது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். வெளியே வரும்போது என் கழுத்தைப் பிடித்து அழுத்தி, "பாலைப் பாக்காத" என்று மட்டும் சொன்னார்.

இந்தமுறை சார் கேட்கவில்லை, தள்ளிவிட்டார். இறங்கினேன். எதிரணிக்காரன் என்னை வலதுபக்கம் மறித்தான்; பந்து இடது கைக்குப் போனது, போன இடத்தில் நின்றது. ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும். நான் கொண்டுபோய்க் கொடுத்த பந்துகள் கூடையில் விழுந்தன. ஒரே ஒரு கூடையில் தோற்றோம். தோற்றும்கூட எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். மேட்சில் பேஜாரு பண்ணுவான் என்றவரே, "டேய் மல்லாட்டை, இத்தினி நாளு எங்கடா ஒளிச்சி வச்சிருந்த?" என்றார். அவர்கள் புகழப் புகழ எனக்கு ஒன்று விளங்கிக்கொண்டே வந்தது. அந்தக் கை சார் கேட்டபோதும் என்னிடம்தான் இருந்தது. நான் தயாராகத்தான் இருந்திருக்கிறேன்.

தண்ணீர்க் குடத்தை எடுக்கப் போனபோது வெள்ளைத் தொப்பிக்காரர் சாரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "பையன் நல்லா ஆடறான் சார், இல்லன்னு சொல்லல. நாலு ஆன பின்னாடியும் கைய நீட்டறானே. முக்கியமான நேரத்துல வெளிய போயிடற ஆளை வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" சார் ஏதோ சொல்லிப் பார்த்தார். அவர் வேறு பள்ளிப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பேசப் போய்விட்டார்.

திரும்பி வரும் ரயிலில் சேகர் அண்ணா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். திங்கட்கிழமை காலை வழிபாட்டில் தலைமையாசிரியர் தோல்வியைப் பற்றிச் சொல்லிவிட்டு, தமிழ் ஐயா சொன்னதன்பேரில் என்னை முன்னால் வரச் சொல்லி, அடக்கம் என்றால் இதுதான் என்றார். கைதட்டியவர்களில் சேகர் அண்ணாவும் இருந்தார். அவர் சத்தமாகவே தட்டினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் அடக்கமாகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது எனக்குத் திண்டிவனத்திலேயே ஓர் அலுவலகத்தில் வேலை. சேர்ந்த வாரமே அந்த மைதானத்தைப் பார்க்கப் போனேன். கூடைக் கம்பங்கள் இல்லை, கட்டாந்தரையும் இல்லை. அங்கே வரிசையாக வகுப்பறைகள் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பெஞ்சு எங்கே கிடந்தது என்றுகூட மட்டுக்கட்ட முடியவில்லை. விழுப்புரத்திலும் இப்போது கிரிக்கெட்தான் என்கிறார்கள்.

போன மாதம் இங்கே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒன்றில், தாமிரக் கம்பியைச் சுற்றிக்கொண்டு சேகர் அண்ணா உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். என்னைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதலாளியைக் கூப்பிட்டார்.

"மொதலாளி, சொல்லிக்கினே இருப்பனே, மல்லாட்டைன்னு, அவன்தான் இவன். வாத்தியாரு எறங்குடான்றாரு, இவன் அண்ணாவே ஆடட்டும்ன்றான். அப்ப பத்தாவதுதான் படிச்சிக்கினு இருந்தான்."

இத்தனை வருஷமாக அதை அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மரியாதையெல்லாம் இல்லண்ணா," என்றேன். "எனக்கு பயம். தோத்துட்டா என் தலையில விழும்னு பயந்துக்கினுதான் அப்படிச் சொன்னேன். நான் எறங்கியிருந்தா உங்களுக்கு அந்த அஞ்சாவது வந்திருக்காது. நீங்க காலேஜுக்குப் போயிருப்பீங்க."

சேகர் அண்ணா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே முதலாளி பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? இன்னமும் அப்படியேதான் இருக்கறான். எல்லாத்தையும் தன் தலைமேல போட்டுக்கறான்."

"நல்ல வளர்ப்பு," என்றார் முதலாளி, எனக்கு டீ சொல்லிவிட்டு.

டீ வந்தது. சேகர் அண்ணா காயில் பக்கம் குனிந்து விட்ட இடத்திலிருந்து கம்பியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். இன்னொருமுறை சொன்னாலும் அவர்கள் கண்ணில் இன்னும் கொஞ்சம் நல்லவனாகத்தான் ஆவேன் என்று தெரிந்துபோனது. வாயைத் திறக்காமல் டீயைக் குடித்தேன்.