பீச்சாங்கைக் கையெழுத்து

பஸ்ஸில் ஏறி, பெண்களுக்கான இலவச டிக்கெட்டை வாங்கியதும் பவுலினின் விரல்கள் அதை முறுக்கத் தொடங்கிவிடும். பாதி வலப்பக்கம், பாதி இடப்பக்கம். பொம்மனஹள்ளியில் இறங்கும்போது அது டிக்கெட் மாதிரியே இருக்காது. ஒருநாள் செக்கர் அதை வாங்கிப் பார்த்து, "ஏனம்மா இது, ஊதுபத்தியா?" என்று கன்னடத்தில் கேட்டார். "மிக்ஸர் சார்" என்றாள் பவுலின். அவர் ஓமப்பொடியையும் கடலையையும் நினைத்திருக்க வேண்டும், அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார்.

பட்டறையில் அவள் செய்வதும் மிக்ஸர்தான். மோட்டார் கிடையாது, சுழலும் இறக்கை கிடையாது. முறுக்கிய தகடுகளை வரிசையாகப் பற்றவைத்துப் பைப்புக்குள் செருகினால், ஓடிவரும் இரண்டு திரவங்கள் தகட்டுக்குத் தகடு பிளந்து, புரண்டு, தாமாகவே கலந்துவிடும். அசையாமல் கலக்கும் இந்தக் கருவியைப் பன்னிரண்டு வருடமாகச் செய்பவளால் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க முடியாது. சர்ச் பூசையில் பிரசங்கம் ஆரம்பித்தால் வாசலில் செருப்புகளை அடுக்கப் போய்விடுவாள்.

தொழிலில் விதி ஒன்றுதான்: ஒரு தகடு வல முறுக்கு என்றால் அடுத்தது இட முறுக்கு. "தேருக்குப் பின்னாடி போற கூட்டம் மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் போனா எங்க கலக்கறது? எதுத்தாப்புல நாலு பேர் வரணும்ல?" என்பாள்.

வலத்துக்கும் இடத்துக்கும் பட்டறையில் கன்னடச் சொற்கள், 'பல', 'எட'. முதலாளி கோவிந்தப்பா பழக்கிவிட்டது. திருப்பத்தூரிலிருந்து புதிதாக வந்த வெல்டர் அர்ஜுனனிடம், "ஒண்ணு விட்டு ஒண்ணு பலவாப் போடு" என்று சொல்லிவிட்டுப் பவுலின் வழக்கம்போல் எங்கோ ஓடினாள். அவன் காதில் விழுந்தது 'பலமா'. ஆறு தகடுகளையும் பக்கத்தில் இருந்த இட முறுக்குப் பெட்டியிலிருந்தே எடுத்து, ஒன்று விட்டு ஒன்று யானை மிதித்தாலும் கழலாதபடி பற்றவைத்தான்.

அது கதவுப் பலகைகளை ஒட்டும் பிசின் செய்கிற கம்பெனிக்குப் போகவேண்டிய பைப். பவுலின் கையெழுத்தோடு போகவிருந்த முதல் பைப்பும் அதுதான். இத்தனை வருடமும் சோதித்தது அவள். சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டது டிப்ளமோ படித்தவர்கள். கடைசி டிப்ளமோக்காரர் வேலையை விட்டுப் போனதும், "இனிமே நீங்களே போடுங்க" என்று கோவிந்தப்பா சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை சோதனை. குளுக்கோஸ் பாகை ஒரு பக்கமும், நீல மை கலந்த பாகை மறுபக்கமும் விட்டார்கள். பள்ளிக்கூடப் பெண்ணின் பின்னலில் ரிப்பன் போல நீலம் தனியாக வெளியே வந்தது.

கோவிந்தப்பா பேனாவை நீட்டினார். "உள்ள யாரும்மா பாக்கறாங்க? சைன் மாடி, ஒரு கையெழுத்துதானே, அனுப்பிடலாம்."

"பிசின் கலக்கலன்னா கதவு பொளந்துக்கும் சார். அப்ப தாள்ல இருக்கப்போறது என் பேரு." பேனா திரும்பிப் போனது. முனகிக்கொண்டே அவர் கம்பெனிக்குப் போன் செய்து இரண்டு நாள் அவகாசம் கேட்டார்.

"நீங்கதானேக்கா பலமாப் போடச் சொன்னீங்க?" என்றான் அர்ஜுனன், தலையைத் தொங்கப்போட்டு.

பவுலினுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, எடயும் வேணாம், பலயும் வேணாம். சோத்தாங்கை, பீச்சாங்கை. இதுல தப்பு பண்ணுவியா?"

"பண்ணா சோறு எறங்காதேக்கா!"

பலமாகப் போட்டதை அறுத்தெடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது. சனிக்கிழமை பாகு மறுபடி ஓடியது. ரிப்பன் இல்லை, அடி முதல் நுனி வரை ஒரே இளநீலம்.

"கலக்கிட்டீங்கக்கா!"

"நானா? பைப்புடா."

தாளை வாங்கிப் பெஞ்சில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "அய்ய, பீச்சாங்கையிலயா எழுதுவீங்க!" என்ற அர்ஜுனனின் குரலைக் கிரைண்டர் சத்தம் விழுங்கியது. அவன் அடுத்த பைப்புக்குத் தகடு எடுக்கப் போனான். பெட்டிகளருகே நின்று, சோற்றுருண்டையை வாயில் போடுவதுபோல் வலக்கையைக் காட்டி, முதல் தகடு இந்தப் பக்கம்தானே என்று சைகையில் கேட்டான்.

பவுலின் இன்னும் ஈரம் காயாத தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், சரி என்பதுபோல் பேனாவோடு இடக்கையை உயர்த்தினாள்.