சாம்பிள் கடலை

நஞ்சு இருந்தால் நிறம் வராது. நஞ்சு இல்லாவிட்டால்தான் சோதனைத் தட்டிலுள்ள குழி பளிச்சென்று மஞ்சளாகும். இந்தத் தலைகீழ்க் கணக்கு மண்டையில் ஏறவே ஜெனிஃபருக்கு வெகுநாள் பிடித்தது. இப்போது பழகிவிட்டது, பழகியதாலேயே அலுத்தும் விட்டது. பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கடலையோ அரிசியோ மிளகாயோ, வந்ததை அரைத்து, மெத்தனாலில் குலுக்கி, வடிகட்டி, பூஞ்சை அதில் விட்டுப்போன நஞ்சை அளக்க வேண்டும். அதைச் சாப்பிட்டவர்களின் ரத்தத்திலும் அதே நஞ்சைத் தேட வேண்டும். சொட்டுச் சொட்டாய் அளந்து விடுகிற பிப்பெட்டை அழுத்தி அழுத்திச் சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் மரத்துப்போகும். ஏசி ரூமில் நோகாத வேலை என்று ஊரில் பேச்சு. பேசுகிறவர்கள் ஒரு நாள் வந்து அழுத்திப் பார்க்கட்டும்.

அன்றைக்குத் தட்டில் இருந்தது அவள் பிறந்த குப்பத்தின் ரத்தம். சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய சின்ன மீனவக் குப்பம். அவளே வீடு வீடாகப் போய் எடுத்துவந்தது. குழிகள் வரிசையாக வெளிறிக் கிடந்தன. எல்லாவற்றிலும் வெளிறியது அவள் அம்மா சூசையம்மாளுடையது. ஆனால் அதே வீடுகளிலிருந்து வாங்கிவந்த கடலையும் அரிசியும் மாம்பழ மஞ்சளில் மின்னின. அதாவது, சாப்பாடு சுத்தம், சாப்பிட்ட உடம்பில் நஞ்சு.

ஆய்வை நடத்துகிற டாக்டர் அர்ஜுனன் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தாலாவது தேவலை.

"லேபிள் மாறிப்போச்சா ஜெனிஃபர்?"

"இல்ல சார். நானே ஒட்டினது."

"ரத்தம் ரெண்டு மூணு மாசச் சாப்பாட்டைச் சேர்த்துச் சொல்லும்மா. நஞ்சு வாய் வழியாத்தானே போயிருக்கணும்? எதுலேர்ந்து போச்சுன்னு காட்ட முடியலைன்னா இந்த ரத்தத்தை யார் நம்புவாங்க? உங்க குப்பத்தை ஆய்விலேர்ந்து எடுத்துட வேண்டியதுதான்."

இந்த நஞ்சு கெடுப்பது கல்லீரலை. ஆய்விலிருந்து எடுத்துவிட்டால் கல்லீரல் ஸ்கேனுக்கு அங்கிருந்து ஒருவரையும் கூப்பிட மாட்டார்கள், அம்மாவையும்தான். ஜெனிஃபர் ரத்தத்தை மறுபடி சோதித்தாள். சந்தேகத்துக்குத் தன் ரத்தத்தையும் கூடவே வைத்தாள். வாராவாரம் அம்மா கையால் சாப்பிடுகிறவள்தானே, அவளுக்கும் ஏறியிருக்கும் என்று நினைத்தாள். குப்பத்தின் குழிகள் மறுபடியும் வெளிறின. அவள் குழி மட்டும் மஞ்சளாக நின்றது. ஒருவேளை தப்பு நம் கையில்தானோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனாள். சூசையம்மாள் சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். ஏரியில் நண்டும் இறாலும் குறைந்துபோகிற மாதங்களில் குப்பத்துப் பெண்கள் கடலை ஷெட்டுக்குப் போவார்கள். நல்ல பருப்பையும் சொத்தையையும் பிரித்துப் பொறுக்குகிற வேலை. சூசையம்மாளும் போகிறவள்.

"ம்மா, போன தபா குடுத்தியே கடலை, அது ஏது?"

"ஷெட்டுலதான். மேஸ்திரிய கெஞ்சிக் கேட்டு எடுத்தாந்தேன். ஒவ்வொரு பருப்பாப் பாத்து எடுத்தேன்டி. நீதான சாம்பிள் கேட்ட?"

ஏரிக்கரையில் சாம்பிள் என்றால் என்ன என்று ஜெனிஃபருக்கா தெரியாது? நண்டு ஏஜென்ட் வண்டியை விட்டு இறங்கி, சாம்பிள் காட்டு என்றால், கால் ஒடிந்த நண்டை எவளாவது நீட்டுவாளா? கூடையிலேயே பெரிதாக, கெட்டியாக இருப்பதை எடுத்துக் காட்டுவார்கள். அவளே சின்ன வயதில் அப்படிக் காட்டியவள்தான். அவளே போய் வீட்டுக்கு வீடு நின்று, ஆய்வுக்கூடத்தில் பேசுகிற பாஷையில், சாம்பிள் குடுங்க என்று கேட்டிருக்கிறாள். குப்பமே நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டது. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்ப நீங்க துன்றது இன்னா?"

சூசையம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை இழுத்து வந்தாள். சுருங்கியது, உடைந்தது, பச்சையாய்த் தூள் பூத்தது. விற்க முடியாததைப் பொறுக்குகிற பெண்களே கொண்டுபோகலாம் என்று ஷெட்டில் வழக்கம். பெரிய தாராளம்தான்.

"வறுத்து, புளி மொளகா வச்சி அரைச்சா கசப்பு தெரியாது. வறுத்தா பூஞ்ச செத்துடும் இல்ல?"

"பூஞ்ச செத்தாலும் வெசம் போவாதும்மா."

"சாம்பிள்னு கேட்டா இத்தப் போய் வெளியாளுக்குக் குடுக்க முடியுமா? மானம் போவாது?"

வீடு வீடாக மறுபடி ஏறி இறங்கினாள் ஜெனிஃபர். இந்த முறை, துன்றதக் குடுங்க என்று கேட்டாள். சிலர் முகம் சுளித்தார்கள், ஒருத்தி கதவைச் சாத்தினாள். நஞ்சு ஏறிய பருப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பையிலும் மேலே, நடுவே, அடியில் என்று கைவிட்டு அள்ளினாள்.

அரைத்துச் சோதித்தபோது நிறம் வரவே இல்லை, நஞ்சு அவ்வளவு. கரைசலில் தண்ணீர் கலந்து, இன்னும் கலந்து, பிறகுதான் அளக்கவே முடிந்தது. அர்ஜுனன் அளவுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாரையும் ஸ்கேனுக்கு எழுதிக்கலாம்மா" என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் முதல் பெயராக அம்மாவுடையதை எழுதினாள் ஜெனிஃபர்.

அடுத்த ஞாயிறு அம்மா வீட்டில் சோறும் கடலைத் துவையலும் தட்டுக்கு வந்தன.

"ஸ்கேனுக்கு வரணும்மா. அந்தப் பைய தூக்கிக் கடாசு."

"கடாசறேன். அப்பால இன்னா துன்றது, அதையும் நீயே சொல்லு."

ஜெனிஃபர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "உங்க எல்லாருக்கும் ரத்தத்துல வெசம் கீது. எனுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. நானும் உன் தொவையலத்தான துன்றேன்?"

சூசையம்மாள் சிரித்துவிட்டாள். "உனுக்கு அத்தயா வைப்பேன்? நீ வர அன்னிக்கி நல்லதாப் பொறுக்கித் தனியா அரைப்பேன்டி. பையில மிச்சம் கீறத நானும் உன் நைனாவும் அப்பால துன்னுக்குவோம்."

ஜெனிஃபர் தன் தட்டை அம்மா பக்கம் தள்ளி வைத்தாள்.