தகரம் தட்டிக் காத்த முட்டைகள்

பிள்ளைகளே, உப்பளத்துக்கு அப்பால் உள்ள மணல் திட்டில் சத்தம் போட்டால் அப்பா ஏன் உங்கள் வாயைப் பொத்துகிறார் என்று கேட்டீர்கள். எழுதி வைக்கிறேன்.

அது உலகச் சண்டைக் காலம். அரிசி கண்ணில் படவில்லை. மரக்காணம் கரையிலிருந்து வரும் மீன்காரர் ஒருவருக்குக் கேப்பையைக் கொடுத்துக் கருவாடு வாங்கித் தின்றோம். அவருக்குக் கடலில் மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவது ஆலாப் பறவைகள். அவை பாய்கிற இடத்தில் வலை போடுவார். அந்தப் பறவைகள் கோடையில் கூடு கட்டாமல் வெறும் மணலில் முட்டையிடும். அந்த வருஷம் பசி தாங்காதவர்கள் கூடையோடு வந்து முட்டைகளை அள்ளினார்கள். மிச்சத்தைக் காக்கை தின்றது.

எங்கள் நிலக்கடலை அறுவடை முடிந்த சமயம், மீன்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“பகல்ல நான் கடல்ல கெடக்கறேண்ணே. மல்லாட்டை புடுங்கியாச்சு, நீங்க சும்மாத்தான இருக்கீங்க? கொஞ்சம் பாத்துக்கங்க. அதுங்க போயிடுச்சின்னா நான் எங்கன்னு வலைய போடுவேன்?”

நானும் என் மச்சானும் போனோம். மச்சான், கொல்லையில் காக்கை ஓட்டும் தகரத்தைக் கையோடு கொண்டுவந்தான். மல்லாட்டை விதைத்த நிலத்தைக் காப்பது போலவே காத்தோம். காக்கை வந்தால் தட்டினோம். கூடை தெரிந்தால் தட்டினோம். தட்டியதும் ஆலாக்கள் மொத்தமாக எழும்பி, வெகுநேரம் கத்திக்கொண்டு சுற்றும்.

“பாருங்க மாமா, நம்ம பட்டாளம்!” என்பான் மச்சான்.

கூடைக்காரர்கள் வருவது நின்றது. சாயங்காலம் மீன்காரர் வந்து பார்க்கும்போது பறவைகள் அடங்கி உட்கார்ந்திருக்கும். “ஒண்ணுகூட கொறயலண்ணே” என்று சிரிப்பார்.

குஞ்சு பொரிக்கும் காலம் வந்தது. பொரிக்கவில்லை. ஒரு நாள் அவர் கடலுக்குப் போகாமல் எங்களோடு உட்கார்ந்தார். உச்சி வெயிலில் ஒரு காக்கை வந்தது. மச்சான் தட்டினான். ஆலாக்கள் எழும்பின. மீன்காரர் காக்கையைப் பார்க்கவில்லை. சூட்டில் கால் வைக்க முடியாத அந்த மணலில் முட்டைகள் நிழலில்லாமல் கிடந்தன.

“தெனம் இப்படித்தானா?”

“பின்ன? ஜல்தியா தட்டலன்னா கொத்திக்கினு போயிடுமே!”

அவர் ஒரு முட்டையை உடைத்தார். நாற்றம். இன்னொன்றும் அப்படியே.

“வெந்து பூடுச்சிண்ணே. அதுங்க குந்திக்கினு இருந்தாத்தான் நெழலு. எனக்கும் தோணலயே.”

மச்சான் தகரத்தைக் கீழே வைத்தான்.

ஆலாக்கள் திட்டை விட்டுப் போயின. மீன்காரர் வெறுங்கடலில் வலை வீசிப் பார்த்தார். பிறகு கருவாடு வரவில்லை. மழைக்கு முன்பு, திண்டிவனம் ரயிலடியில் அவர் மூட்டை தூக்குவதை மச்சான் பார்த்துவிட்டு வந்தான்.

“என்னடா சொன்னாரு?”

“கேப்பை வெளஞ்சிச்சான்னு கேட்டாரு மாமா.”

வேறொன்றும் கேட்கவில்லையாம்.

இப்போது கொஞ்சம் ஆலாக்கள் வருகின்றன. நாங்களும் போகிறோம். தூரத்துப் பனை நிழலில் உட்கார்ந்து, கூடையோடு வருபவர்களிடம் நடந்துபோய்ப் பேசித் திருப்பி அனுப்புகிறோம். காக்கை வந்தால் எழுந்திருப்பதில்லை. அது ஒரு முட்டையைக் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் கஷ்டம். மச்சான் அப்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வான்.