சுகந்தி எழுதிய வெள்ளைத்தாள்கள்

பந்தல்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சுகந்தி சத்துணவு அமைப்பாளராக இருந்தாள். அரிசி அளந்து கொடுப்பது, பருப்பு அளந்து கொடுப்பது, பிள்ளைகள் சாப்பிட்டு முடிகிறவரை நின்று பார்ப்பது, இதுதான் வேலை. உலை கொதிக்கிற நேரத்தில் சமையற்கூடத்து வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையில் கிடைத்ததைப் படிப்பாள். பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட விடமாட்டாள். கூலிவேலைக்குப் போகிற குடும்பத்தில் பன்னிரண்டாவது வரை படித்த முதல் பெண் அவள். படித்ததைப் பற்றிப் பேச மட்டும் அவளுக்கு ஆள் இல்லை.

எண்பத்தைந்தாம் வருஷம் பள்ளிக்கூடச் சுவரில் எழுத்து எழுத அருப்புக்கோட்டையிலிருந்து சீனிச்சாமி என்ற போர்டு ஓவியர் வந்தார். ஏணியில் நின்று எழுதிக்கொண்டிருந்தவர் கீழே இவள் படித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மறுநாள் வரும்போது துணிப்பையிலிருந்து தடிமனான ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். அட்டையில் அவரே வரைந்த படம். மேலே ‘சோளத்தட்டை’ என்று பெரிய எழுத்து.

“இது எங்க கையெழுத்துப் பத்திரிகை, தங்கச்சி. ஒரே ஒரு பிரதிதான். ஒருத்தர் படிச்சு முடிச்சு அடுத்தவருக்கு அனுப்பணும்.”

“இதென்னண்ணே பேரு, சோளத்தட்டைன்னு?”

“நம்ம எழுதுறதை மாடாவது திங்கட்டும்னு காரியாபட்டி அண்ணாச்சி வச்ச பேரு” என்று சிரித்தார் சீனிச்சாமி.

அருப்புக்கோட்டை, காரியாபட்டி, திருச்சுழி என்று அங்கொருவர் இங்கொருவராக ஒன்பது பேர் அதில் இருந்தார்கள். ஆளாளுக்குக் கதையோ கவிதையோ எழுதிக் கொடுப்பார்கள். சீனிச்சாமி தன் முத்தான கையெழுத்தில் எல்லாவற்றையும் படியெடுத்துப் படம் போட்டுத் தைத்து, தெரிந்த கண்டக்டர் கையில் அடுத்த ஊருக்குக் கொடுத்தனுப்புவார். பாதிப்பேர் மற்றவரை நேரில் பார்த்ததே கிடையாது. ஒவ்வொரு கதைக்கும் பின்னால் ஒரு வெள்ளைத்தாள் இருக்கும். படித்தவர் மனதில் பட்டதை அதில் எழுத வேண்டும். எழுதாமல் அடுத்தவருக்கு அனுப்பக்கூடாது. சோளத்தட்டையில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

பத்தாவது ஆளாக சுகந்தி சேர்ந்தாள். கதை எழுதத் தனக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். வெள்ளைத்தாளில் மட்டும் எழுதினாள். ஆனால் என்ன எழுத்து அது! மற்றவர்கள் ‘நன்று’, ‘அருமை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட இடத்தில் இவள் தாளின் இரண்டு பக்கமும் நிரப்பி, இடம் போதாமல் இன்னொரு தாள் ஒட்டினாள்.

காரியாபட்டியில் விதைக்கடையும் உரக்கடையும் வைத்திருந்த ராஜகுரு அண்ணாச்சி, மாட்டை விற்றுவிட்டு வெறும் கயிற்றோடு வீட்டுக்கு நடந்து வருகிற ஒருவனைப் பற்றிக் கதை எழுதியிருந்தார். அதற்கு சுகந்தி இப்படி எழுதினாள்: “வீட்டுக்கு வந்தவர் அந்தக் கயிற்றை எங்கே மாட்டினார் அண்ணாச்சி? மாடு கட்டின இடத்தில் மாட்டினாரா, கண்ணில் படாமல் பரண்மேல் எறிந்தாரா? நீங்கள் சொல்லாமல் விட்டதால் நான் சோறு வடிக்கும்போதும் அந்தக் கயிற்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.” அடுத்த இதழில் ராஜகுரு அந்தக் கதைக்கு வேறு முடிவு எழுதி அனுப்பினார். தலைப்புக்குக் கீழே ‘பந்தல்குடி சுகந்தி கேட்டதற்காக’ என்று இருந்தது. அதைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அதன்பிறகு நோட்டு வருகிற நாளை எதிர்பார்த்தே அவள் பொழுது போனது. யாருடைய கதையில் எந்த இடத்தில் மனம் நின்றது, எந்த இடத்தில் எழுதியவர் பயந்து ஒதுங்கிவிட்டார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அதை நோகாமல் சொல்லவும் தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவளும் ஒரு கதை எழுதினாள். சீனிச்சாமி விடாமல் கேட்டதும் ஒரு காரணம். அம்மா ஆவுடைத்தாய் கிணறு வெட்டுக்குப் போன காலத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டுக் கேட்டு அது உள்ளேயே கிடந்ததும் ஒரு காரணம். கிணற்றுப் பள்ளத்தைக் கண்டாலே பயப்படுகிற ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டு கூடைமண் சுமந்து மேலேறுகிறாள். கோடை முழுக்கச் சுமக்கிறாள். ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் பீறிடுகிற அன்று எல்லாரும் உள்ளங்கையில் அள்ளிக் குடிக்கிறார்கள். மண் சுமந்தவளை மட்டும், “நீ மேல ஏறி நில்லு” என்கிறார்கள். அவள் ஏறி நின்று மற்றவர்கள் குடிப்பதைப் பார்க்கிறாள். அதோடு கதை முடிகிறது.

சீனிச்சாமி படியெடுத்து நோட்டைச் சுற்றுக்கு விட்டார். தனக்கு முன்னால் நாலு பேர் படித்த பிறகுதான் அது பந்தல்குடிக்கு வரும் என்று சுகந்திக்குத் தெரியும். அந்தக் காத்திருப்பில் ஒருநாள் கதையை அம்மாவிடம் சொன்னாள். ஆவுடைத்தாய் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள். கடைசியில், “நான் குடிச்சேன்டி” என்றாள்.

“என்னம்மா சொல்ற? குடிக்கவே விடலைன்னுதான சொன்ன?”

“விடலைதான். ஏறுறதுக்கு முன்னால கூடையைக் கழுவுற மாதிரிக் குனிஞ்சு ஒரு வாய் அள்ளிக் குடிச்சிட்டேன். யாரும் பாக்கல. ஒரே உப்பு.” ஆவுடைத்தாய் சிரித்தாள்.

சுகந்திக்கு உடம்பு புல்லரித்தது. இதல்லவா கதை! நோட்டு தன் கைக்கு வரும்போது இந்த முடிவைச் சேர்த்து எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

நோட்டு வந்தது. சமையற்கூடத்து வாசலில் உட்கார்ந்து தன் கதைக்குப் பின்னாலிருந்த வெள்ளைத்தாளைத்தான் முதலில் திருப்பினாள். சீனிச்சாமி, ‘முதல் கதை. நல்ல முயற்சி’ என்று எழுதியிருந்தார். அருப்புக்கோட்டைத் தறிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிற மாரிச்சாமி, ‘நடை சரளம். இந்தக் காலத்திலும் இப்படி நடக்கிறதா என்ன?’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ராஜகுரு: ‘படித்தேன். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.’ கடைசியாகக் காரியாபட்டி சண்முகவடிவு: ‘அருமை சகோதரி. வாழ்த்துகள்.’

அவ்வளவுதான். தாளில் முக்கால்வாசி வெள்ளையாகவே கிடந்தது.

மற்ற மூவர் எழுதியதற்காக அவள் அவ்வளவு வருத்தப்படவில்லை. ராஜகுரு எழுதியதுதான் நெஞ்சில் தைத்தது. தலைவலியோடு உட்கார்ந்துகூட அவருடைய ஒவ்வொரு கதைக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். அவருக்குத் தன் கதையைப் பற்றிச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டினாள். இந்தக் கதையை எழுத நமக்கென்ன தகுதி என்றும் தோன்றியது. கடைக்காரர்களும் கணக்கர்களும் படிக்கிற நோட்டில் கிணறு வெட்டப் போனவளின் கதைக்கு என்ன வேலை?

தன் கதை இருந்த தாள்களைத் தையலோடு பிய்த்து எடுத்தாள். சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டாள். வீட்டில் வைத்திருந்த மூலப்பிரதியும் மறுநாள் அதே அடுப்புக்குப் போனது. அந்த இதழில் இருந்த மற்ற கதைகளின் வெள்ளைத்தாள்களில் ‘படித்தேன்’ என்று மட்டும் எழுதி நோட்டைத் திருச்சுழிக்கு அனுப்பினாள். இன்னும் ஐந்து பேர் படிக்க வேண்டியிருந்தது என்பது அப்போது அவள் நினைப்பில் வரவே இல்லை.

அம்மா கேட்டாள்: “உன் கதையைப் படிச்சுட்டு அவுகல்லாம் என்னடி சொன்னாக?”

“நல்லாருக்குன்னாகம்மா.”

அடுத்த சுற்றுக்கு நோட்டு வந்தபோது அவள் பிரித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள். சீனிச்சாமி பஸ் ஏறிப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி தோள்பையைத் திறந்து திறந்து மூடினார்.

“கோவமா தங்கச்சி?”

“கோவம் என்னண்ணே. வேலை ஜாஸ்தியாப் போச்சு. என் பேரை எடுத்துருங்க.”

“நீ கதை எழுத வேண்டாம்த்தா. வழக்கம்போல வெள்ளைத்தாள்ல எழுது. அது போதும்.”

அந்த வார்த்தை அவளை இன்னும் சுட்டது. கதைதான் உருப்படவில்லை, கருத்தாவது எழுது என்கிறாரோ என்று நினைத்தாள். “இல்லண்ணே, முடியாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது அவர் போயிருந்தார்.

அதற்குப் பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆனது. கணவன் காளீஸ்வரன் திருச்சுழிப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் நிலமும், சீசனில் லோடு வண்டி ஓட்டுகிற வேலையும் உள்ளவன். நல்ல மனிதன். சுகந்தி வேலையைத் திருச்சுழிக்கு மாற்றிக்கொண்டு போனாள். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆவுடைத்தாய் இறந்துபோனாள். சோளத்தட்டை என்ன ஆனது என்று அவள் விசாரிக்கவில்லை. படிப்பதை மட்டும் விடவில்லை. படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொள்வாள்.

தொண்ணூற்றேழாம் வருஷம் புரட்டாசியில் பருத்தி விதை வாங்கக் காளீஸ்வரன் காரியாபட்டிக்குக் கிளம்பினான். பிள்ளைகளுக்குத் துணி எடுக்க இவளும் கூடப் போனாள். எந்தக் கடை என்று இவள் கேட்கவில்லை. உள்ளே போன பிறகுதான் கல்லாவுக்கு மேலே இருந்த பெயரைப் பார்த்தாள். நரைத்த தலையோடு ஒருவர் விதைப் பொட்டலங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பேசாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். எப்படியோ வாய் திறந்துவிட்டது.

“அண்ணாச்சி, நான் பந்தல்குடி சுகந்தி.”

ராஜகுரு கையில் இருந்த பொட்டலத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“ஏம்மா அந்தக் கதையைக் கிழிச்சீக?”

“யாருக்கும் பிடிக்கலையே அண்ணாச்சி. நீங்களே ஒத்த வரிதான எழுதுனீக.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வாரம் அவருடைய மகள் ரோஷினிக்கு மூளைக்காய்ச்சல். மதுரையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் கதையைப் படித்திருக்கிறார். அதில் எழுத நிறைய இருந்தது. எழுதுகிற நிலையில் அவர் இல்லை. சுற்று தடைப்படக்கூடாதே என்று முழங்காலில் வைத்து ஒரு வரி எழுதிச் சண்முகவடிவுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஊர் திரும்பியதும் உட்கார்ந்து பத்துப் பக்கம் எழுதி, சுகந்தியிடம் சேர்க்கச் சொல்லிச் சீனிச்சாமியிடம் கொடுத்தாராம்.

“அவர் வந்தாரு. ஆனா ஒண்ணும் குடுக்கலையே அண்ணாச்சி.”

“நீங்க முகத்துல அடிச்ச மாதிரிச் சொல்லவும், இதைக் கொடுத்தா வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சுன மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் எங்கிட்டச் சொன்னாரு. பெறகு திருப்பூர்ப் பக்கம் போனாரு. அந்தத் தாளெல்லாம் எங்க போச்சோ, தெரியலம்மா.”

சுகந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதுல என்ன எழுதியிருந்தீக?”

“எல்லாம் ஞாபகமில்ல. ஒண்ணு ஞாபகமிருக்கு. அந்தம்மா மேல ஏறி நின்னுச்சே, அது எனக்கு மனசு ஆறவே இல்ல. கோடை பூராச் சொமந்தவ அப்படிப் போயிருக்க மாட்டா, யாருக்கும் தெரியாம ஒரு வாயாவது குடிச்சிருப்பா, நீங்க எங்ககிட்ட அதை மறைச்சுட்டீகன்னு எழுதுனேன்.”

“குடிச்சாக அண்ணாச்சி” என்றாள் சுகந்தி.

விதை மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டுக் காளீஸ்வரன் வாசலில் நின்றான். ஏதோ முக்கியமான பேச்சு என்று புரிந்துகொண்டு உள்ளே வராமல் பீடி பற்றவைத்தான்.

“இப்ப என்ன எழுதுறீக?” என்று அவள் கேட்டாள்.

“எங்கம்மா? நீங்க போன பெறகு மூணு இதழ் வந்துச்சு. அதோட நின்னுபோச்சு. யாரும் கதை குடுக்கல. சீனிச்சாமி ஆளாளுக்கு அலைஞ்சு கேட்டாரு. மாரிச்சாமி ஒருநாள் வெளிப்படையாச் சொல்லிட்டாரு, பந்தல்குடி புள்ளை படிக்காட்டி நான் யாருக்கு எழுதன்னு. எனக்கும் அதேதான். பேனாவை எடுத்தா, இதுக்கு சுகந்தி என்ன சொல்லும்னுதான் தோணும். சொல்ல ஆள் இல்லை. விட்டுட்டேன்.”

அவளுக்கு இது தெரியாது. அந்தப் பத்துப் பேரில் கடைசி ஆள், கதை எழுதத் தெரியாத ஆள் என்றுதான் தன்னை நினைத்திருந்தாள். இத்தனை பேர் தன் நாலு வார்த்தைக்காக எழுதியிருக்கிறார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருக்கலாம். அவளும் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, என்ன சங்கதி என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம்.

“எனக்குப் பின்னால இன்னும் அஞ்சு பேர் இருந்தாகளே” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். “அவுக படிக்கவே இல்ல.”

“நீங்க முதல்ல எழுதுன தாளாவது வீட்டுல இருக்காம்மா?”

“அடுப்புல போட்டுட்டேன்.”

ராஜகுரு டீ வாங்கி வரச் சொல்லி, அவளும் காளீஸ்வரனும் குடிக்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, “திரும்ப எழுதுங்கம்மா. எழுதிக் குடுத்துவிடுங்க. இந்தத் தடவை பத்துப் பக்கம் அன்னைக்கே வந்துரும்” என்றார்.

திருச்சுழி போகிற வழியெல்லாம் காளீஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் சோளத்தட்டையைப் பற்றி அவனிடம் பேசியது அன்றுதான். அவன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே கேட்டான். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. எனக்குப் படிப்பு பத்தாது. கேட்டிருப்பேன்ல” என்றான். அடுத்த வாரமே அருப்புக்கோட்டைக்கு லோடு ஏற்றிப் போனவன் கோடு போட்ட தாள் ஒரு கட்டு வாங்கி வந்தான்.

சுகந்தி உட்கார்ந்து பார்த்தாள். கிணறு வந்தது, கூடை வந்தது, கோடை வெயில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற பெண் மட்டும் வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மாவும் இல்லை. எந்தக் கையால் அள்ளினாள், குடித்த பிறகு வாயைத் துடைத்தாளா, பக்கத்தில் யார் நின்றது, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் இப்போது யாரிடம் கேட்பது? எழுதியவரையில் படித்துப் பார்த்தால் யாரோ எழுதியது மாதிரி இருந்தது. பல முறை எழுதி, பல முறை அடித்தாள்.

மறுவருஷம் விதை வாங்கப் போன காளீஸ்வரனிடம், “கதை இன்னும் வரலைன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

திரும்பி வந்தவனிடம், “என்ன சொன்னாக?” என்று கேட்டாள்.

“வாரப்ப வரட்டும், நான் இருக்கேன்னாரு.”

அவர் இருந்தார். கதைதான் வரவில்லை.