சுருளிவேல் செருகிய நாலாவது ரேம்

"செத்தவனையே கண்ணு முழிக்க வச்சவன் நான். எனக்கு என்னத்துக்குப் பயம்? பேக்கப் எடுக்கிறதெல்லாம் பயந்தாங்கொள்ளி பாக்குற வேலை."

சுருளி கிராபிக்ஸ் உரிமையாளர் சுருளிவேல் இந்தப் பொன்மொழியை உதிர்த்த இடம், திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள இஷாக் டீக்கடை. எதிர்க்கடை டிசைனர் ஆண்டனிராஜின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கூடவே ஒரு முகூர்த்தத்துக் கல்யாணப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. ஆண்டனிராஜ் டீ கிளாஸைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றார். அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் சுருளிவேல் இப்படிப் பேசினார்.

வெறும் பீற்றல் என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. திண்டுக்கல் வட்டாரத்தில் ஒருவர் காலமாகிவிட்டார் என்று டாக்டர் சொன்னால் பாதிதான் சாவு. சுருளி கிராபிக்ஸில் கண்ணீர் அஞ்சலி அடித்தால்தான் அது முழுச் சாவு. ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்திக்கு நடுவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். சுருளிவேல் அதிலிருந்து ஆளை மட்டும் வெட்டி எடுப்பார். ஆயுசு முழுக்க மேல்சட்டை போடாத மனுசனுக்குக் கோட்டும் டையும் மாட்டுவார், பின்னால் மேகம் விடுவார். கண் மூடியிருந்தால் திறந்தும் விடுவார். இந்தக் கடைசி வேலையில்தான் அவருக்குப் பேர்.

அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் சாணார்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் கருப்புசாமி வந்தார். மீசை பெரிது, உடம்பு அதைவிடப் பெரிது, குரல் மட்டும் மெல்லிசு. சத்தம் போடுகிறவரென்றால் எப்போது கோபமாக இருக்கிறார் என்றாவது தெரிந்துவிடும். கருப்புசாமியிடம் அந்த வசதி இல்லை.

அவருடைய அப்பா காலமாகியிருந்தார். அவசரத்தில் போஸ்டருக்கு ஆதார் அட்டைப் படத்தைப் போட்டார்கள். அதைப் பார்த்து அவர் வளர்த்த நாயே அடையாளம் கண்டிருக்காது. மறுநாள் தகரப் பெட்டியில் நல்ல படம் ஒன்று கிடைத்தது. யாரோ வீட்டுக் காதுகுத்தில் எடுத்தது, முகம் தெளிவாக இருந்தது. ஆனால் ஃபிளாஷ் அடித்த நேரம் பார்த்துப் பெரியவர் கண்ணை மூடியிருந்தார். சுருளிவேல் அதை ஸ்கேன் பண்ணிக்கொண்டு படத்தைக் கையோடு திருப்பிக் கொடுத்தார். அஸ்தி கரைக்கப் போனபோது கருப்புசாமியின் தங்கை கண்ணம்மாள், அழுத அழுகையில், அஸ்தியோடு படத்தையும் ஆற்றில் விட்டுவிட்டார்.

ஆக, அந்தப் பெரியவருக்கு முகம் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது சுருளிவேலின் கம்ப்யூட்டருக்குள்தான். பேக்கப் கிடையாது. அது யார் பார்க்கிற வேலை என்பதை மேலே பார்த்தோம்.

பதினாறாம் நாள் படத்திறப்பு. சட்டம் போட்ட படம் ஒன்று, மண்டப வாசலை அடைக்கிற மாதிரி ஃபிளெக்ஸ் ஒன்று. மூடிய கண்ணுக்குப் பதில் கண் வேண்டுமே. குடும்ப ஜாடை கெடக்கூடாது என்று கருப்புசாமியின் படத்திலிருந்தே கண்ணை எடுத்துப் பெரியவருக்குப் பொருத்தினார் சுருளிவேல். கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கப்புறம் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும், திரும்பி வந்து உட்கார்ந்தாலும், கருப்புசாமி திரைக்குள் இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகத்தை மண்டப வாசல் அளவுக்குப் பெரிதாக்கியபோதுதான் மெஷின் இழுக்க ஆரம்பித்தது. வட்டம் சுற்றியது, சுற்றியது, கடைசியில் திரையே உறைந்துவிட்டது. சுருளிவேல் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் பைசல் கடைக்கு ஓடினார்.

பைசல் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற பையன். யாரையும் அவசரப்படுத்த மாட்டான், யாருக்காகவும் அவசரப்படவும் மாட்டான். அண்டா நிறையச் சோறு இருந்தாலும் இலை சின்னதாக இருந்தால் பரிமாற முடியாதல்லவா, அந்த இலைதான் ரேம் என்று விளக்கினான். சுருளிவேலின் மெஷினில் இருப்பது எட்டு ஜிபி ரேம் இரண்டு. இவ்வளவு பெரிய ஃபிளெக்ஸுக்கு அது போதாது. பழையது இரண்டையும் கழற்றிவிட்டு, பதினாறு பதினாறாக ஒரே ஜோடி போடச் சொன்னான். ரேம் ஜோடியாக ஓடினால்தான் வேகம், பிராண்டும் வேகமும் வேறுவேறாக இருந்தால் எல்லாமே சவலைப் பிள்ளையோடு சேர்ந்து நடக்கும் என்றான். அத்தோடு விட்டிருக்கலாம்.

"இன்னொண்ணுண்ணே. ரேம் சரியாகுற வரைக்கும் அந்தப் படத்தைத் தொறக்காதீங்க. கோளாறான ரேம்ல சேவ் பண்ணா ஃபைலே கெட்டுப் போயிரும்."

அந்த நிமிஷம்தான் சுருளிவேலுக்கு முதன்முதலாகப் பயம் தட்டியது. பயந்த மனுசன் யோசிக்கிற மாதிரித்தான் அதற்கப்புறம் அவர் யோசித்தார். இரண்டு என்பது ரெட்டைப்படை. மொய் வைத்தால் நூற்றியொன்று, ஆயிரத்தொன்று என்று வாழ்ந்த மனுசன், படத்திறப்பு மாதிரி ஒரு காரியத்தில் போய் ரெட்டைப்படையா? பழைய எட்டு இரண்டும் இருக்கட்டும், புதுசில் ஒன்றே ஒன்று கொடு, மூன்றாக ஓட்டிக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஓடும், ஆனால் ஜோடியாக ஓடாது என்று பைசல் சொல்லிப் பார்த்தான். கடைசியில் ஜோடிப் பெட்டியைப் பிரித்து ஒன்றைக் கொடுத்தான். இன்னொன்றை விற்காமல் மேசை டிராயரிலேயே போட்டுவைத்தான்.

சுருளிவேல் கடைக்கு வந்து, சிபியு மூடியைத் திறந்து, மூன்றாவதைச் செருகினார். சுவிட்சில் கை வைக்கப் போன நேரத்தில் பொண்டாட்டி கௌசல்யா மதியச் சாப்பாட்டோடு வந்தார். சிபியு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்னங்க, மூணா போட்டிருக்கீங்க? மூணு பேரா எந்தக் காரியத்துக்கும் கிளம்ப மாட்டோமே."

சுருளிவேலின் கை அந்தரத்தில் நின்றது. கௌசல்யாவைப் பெண் பார்க்கப் போனபோது மூன்று பேர்தான் தேறினார்கள். நாலாவது ஆளாக ஒரு கூழாங்கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். காரியம் முடிந்தது, கல்யாணமும் ஆயிற்று. அவருக்குள் ரெட்டைப்படைப் பயமும் மூணுப் பயமும் கட்டிப் புரண்டன. மூணுப் பயம் ஜெயித்தது. தன் மேசை டிராயரைத் துழாவினார். ஏற்கெனவே ஆயுசு முடிந்து காயலான் கடைக்குப் போன பழைய கம்ப்யூட்டரின் ரேம் ஒன்று உள்ளே கிடந்தது. வேலை செய்யுமா என்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. கூழாங்கல் என்ன வேலை செய்தது? கணக்குக்கு ஒரு ஆள். நாலாவது ஸ்லாட்டில் அதைச் செருகிவிட்டு பட்டனை அமுக்கினார்.

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே நின்றது. உள்ளேயிருந்து 'பீ...' என்று நீளமாக ஒரு சத்தம் வந்து நின்றது, மறுபடி வந்தது. ஒப்பாரிக்கு யாரோ அடியெடுத்துக் கொடுப்பது போல இருந்தது. சுருளிவேல் பட்டன் மேலேயே விரலை வைத்துச் சத்தத்தை அடக்கினார். தானாகவே கம்ப்யூட்டரை விட்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. கருப்புசாமி.

"சுருளி. அப்பா எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருண்ணே," என்றார் சுருளிவேல். குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"கண்ணு முழிச்சிட்டாரா?"

"முழிச்சிட்டாருண்ணே. இப்ப... செத்த நேரம் அசந்திருக்காரு."

 அந்த மெல்லிசுக் குரல், சாயங்காலம் வாரேன், நானே வந்து பாத்துக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தது.

செத்தவரைக் கண் முழிக்க வைத்தவர் பைசலின் நம்பரை இரண்டு தடவை தப்பாக அடித்தார். பைசலைக் கூப்பிட்டால் கடையில் கூட்டம், நகர முடியாது என்றான். கௌசல்யா போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். பைசல் ஒவ்வொன்றாகக் கேட்டான். உள்ளே எத்தனை ரேம் இருக்கிறது என்றான். நாலு என்றார் சுருளிவேல். உங்ககிட்ட மூணுதானே இருந்துச்சு என்றான். சுருளிவேல் கூழாங்கல் கதையைப் பாதி விழுங்கிப் பாதி சொன்னார்.

அது எந்த ரேம் என்று பைசலுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, அது உங்க பழைய மெஷினைக் கொன்ன ரேமுண்ணே. அப்பவே உங்களுக்கு நான்தானே சொன்னேன். அதைப் போயா தேடிப் பிடிச்சுப் போட்டீங்க?"

ஹார்டு டிஸ்க் வேறு, ரேம் வேறு, படம் அநேகமாகப் பத்திரமாக இருக்கும் என்றும் சொன்னான். 'அநேகமாக' என்ற சொல் சுருளிவேலின் காதில் நின்றுகொண்டது. மற்றதெல்லாம் விழவில்லை. கௌசல்யாவுக்குத்தான் விழுந்தது. பைசலிடம், அவன் டிராயரில் கிடக்கும் இன்னொரு பதினாறை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். வரும்வரை சுருளிவேல் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கிற ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்தார்.

கௌசல்யா ரேமோடு வந்தார். முதலில் பிளக்கைப் பிடுங்குங்க, அப்புறம் சிபியு இரும்பைத் தொட்டுக்குங்க, உடம்பில் இருக்கிற கரண்ட் ரேமில் ஏறிவிடக்கூடாது என்று பைசல் போனில் சொன்னான். சுருளிவேல் சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். பிறகு இரும்பையும் தொட்டு அதையும் கண்ணில் ஒற்றினார். உள்ளே இருந்த நாலையும் கழற்றினார். கொன்ற ரேமைக் கௌசல்யா தனியாக வாங்கி வாசலுக்கு வெளியே வைத்தார். புது ஜோடியைப் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போடாமல், இரண்டாவதிலும் நாலாவதிலும் போடச் சொன்னான் பைசல். 'டக்'கென்று இரண்டு முனையும் கவ்வ வேண்டும் என்றான். முதல் 'டக்' சத்தத்துக்கு மதர்போர்டே ஒடிந்துவிட்டது என்று நினைத்து சுருளிவேல் கையை எடுத்துக்கொண்டார். இரண்டாவது 'டக்'கைக் கௌசல்யா அமுக்கினார்.

பட்டனை சுருளிவேல்தான் அமுக்கவேண்டும் என்று கௌசல்யா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அமுக்கினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அமுக்கினார். ஃபேன் சத்தம் கேட்டது. ஒப்பாரி கேட்கவில்லை. அப்படியே நின்றார்.

"திரை வந்துருச்சுங்க. கண்ணைத் தொறங்க."

சுருளிவேல் உடனே திறக்கவில்லை. ஃபைலைத் திறந்து பார் என்றார். கௌசல்யா திறந்தார். பெரியவர் கோட்டும் டையுமாக, மேகத்துக்கு முன்னால், முழுசாக இருந்தார். அதற்கப்புறம்தான் சுருளிவேல் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். உள்ளே இருந்தவர் இரண்டு கண்ணாலும் அவரைப் பார்த்தார்.

சாயங்காலம் கருப்புசாமி வந்தபோது ஃபிளெக்ஸ் அச்சுக்குப் போயிருந்தது. திரைக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். அப்பா என்னையவே பாக்குறாருப்பா என்று மட்டும் சொன்னார், மீசை ஆடியது. படத்திறப்பும் நல்லபடியாக நடந்தது. பந்தியில் சுருளிவேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லிசுக் குரலில் கருப்புசாமி கேட்டார்.

"அப்பா உன்கிட்டதானே பத்திரமா இருக்காரு? சட்டம் போட்ட படத்தையும் தங்கச்சி என்னைக்காச்சும் ஆத்துல விட்டாலும் விட்டுருவா. வருசத் திதிக்கு மறுபடி வேணும்."

சுருளிவேல் அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் இஷாக் டீக்கடையில் ஆண்டனிராஜ், இனிமே தினமும் பேக்கப் எடுக்கப் போறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுருளிவேலுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எல்லாம் மனத் தைரியம்தான், செத்தவனையே கண்ணு முழிக்க வச்சவன் நான் என்று ஆரம்பித்தார். சூடான கிளாஸை எடுக்கக் குனிந்தபோது, சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிறு ஒன்று வெளியே சரிந்தது. அதன் நுனியில், மஞ்சள் துணி சுற்றி, ஒரு பென் டிரைவ் ஆடியது.

பயந்த பிள்ளைக்கு மந்திரித்துக் கட்டுகிற தாயத்து என்று இஷாக் நினைத்துக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. சுருளிவேலும் திருத்தவில்லை. அதைச் சட்டைக்குள் தள்ளி, மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, டீயை ஆற்றினார்.